அட்டை சாவி ஆகாது: கார் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும், தமிழ்நாட்டில் உங்கள் பெயர்ப்பலகையில் ஷோரூமும் ஒர்க்‌ஷாப்பும் நடத்துகிறவர்களுக்கும்,

உங்கள் புது எஸ்யூவிக்கு இனி ஒரே ஒரு ஸ்மார்ட் சாவிதான், இரண்டாவது சாவிக்குப் பதிலாக, கைப்பிடியில் தொட்டால் கதவைத் திறக்கும் என்எஃப்சி அட்டை ஒன்று கிடைக்கும் என்று ஷோரூம்களில் சொல்கிறார்கள். முன்பதிவின்போது கையில் கொடுத்த பட்டியலில் சாவி இரண்டு என்று இருந்தது. விலை குறையவில்லை, சாவி மட்டும் குறைந்திருக்கிறது. கேட்டால், "அட்டையும் சாவிதான் சார், பர்ஸ்லயே வெச்சுக்கலாம்" என்று பதில் வருகிறது.

அட்டை சாவி ஆகாது. அட்டையைப் படிக்கும் கருவி டிரைவர் கதவின் கைப்பிடிக்குள் இருக்கிறது. அதற்கு மின்சாரம் பானெட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வரவேண்டும். பேட்டரி இறங்கிவிட்டால் கைப்பிடியில் அட்டையை எத்தனை முறை தேய்த்தாலும் கதவு திறக்காது. போனில் நீங்கள் தரும் டிஜிட்டல் சாவிக்கும் அதே கதிதான். ஸ்மார்ட் சாவி அப்படியல்ல. பக்கவாட்டில் உள்ள சின்னப் பிடியை நகர்த்தினால் உள்ளேயிருந்து ஓர் உலோகச் சாவி வெளியே வரும். டிரைவர் கதவுக் கைப்பிடியின் பின்முனையில் வண்டி நிறத்திலேயே ஒரு மூடி இருக்கிறது. அதன் அடிப்பக்கம் ஒரு சின்னப் பிளவு. உலோகச் சாவியின் நுனியை அதில் விட்டு மெதுவாக மேலே நெம்பினால் மூடி கழன்று சாவித் துவாரம் தெரியும். (அவசரப்பட்டால் மூடியின் பெயிண்ட் பெயரும். நுனியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.) கதவைத் திறந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பானெட் லீவரை இழுத்து, ஜம்பர் கேபிள் போட்டால் பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். இத்தனைக்கும் முதல் வேலை கதவைத் திறப்பது. அட்டை மட்டும் வைத்திருப்பவரால் அதையே செய்ய முடியாது. கதவிடுக்கில் காற்றுப்பை சொருகி, இடைவெளி உண்டாக்கி, கம்பி விட்டுத் திறக்க ஆள் தேட வேண்டும். ரப்பர் பீடிங் நசுங்கும், கதவு விளிம்பில் பெயிண்ட் போகும். அந்தச் செலவை உங்கள் சாலையோர உதவித் திட்டம் ஏற்பதில்லை.

வண்டிக்குள்ளேயும் அட்டையால் தொல்லை உண்டு. ஸ்டார்ட் செய்ய அட்டையை வயர்லெஸ் சார்ஜர் தட்டில் வைக்க வேண்டும். வைத்தவர் எடுக்க மறந்து, அதன் மேலேயே போனை சார்ஜுக்கு வைத்தால் அட்டை சூடேறி உள்ளே இருக்கும் சிப் கெட்டுப்போகலாம். இந்த எச்சரிக்கை உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. ஆனால் டெலிவரியின்போது மாலை போட்டுப் படம் எடுக்கும் அரை மணி நேரத்தில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

சிப் பற்றாக்குறை என்று ஒரு காரணம் சொல்கிறீர்கள். டொயோட்டாவுக்கும் அந்த நெருக்கடி வந்தது. 2022 அக்டோபரில் ஜப்பானில் அந்நிறுவனம், இப்போதைக்கு ஒரு ஸ்மார்ட் சாவியும் ஒரு சாதாரண உலோகச் சாவியும் தருகிறோம், இரண்டாவது ஸ்மார்ட் சாவியைக் கிடைத்ததும் தருகிறோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. பற்றாக்குறைக்குப் பொருத்தமான வழி அது. உலோகச் சாவிக்குச் சிப் பற்றாக்குறை கிடையாது.

இது வெறும் வசதிக் குறைவும் அல்ல. வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆர்., ஆர்.சி.யோடு அசல் சாவிகள் இரண்டையும் கேட்கும். ஒன்று குறைந்தால், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டீர்களா, யாரிடமாவது கொடுத்திருந்தீர்களா என்று கேள்வி மேல் கேள்வி வரும். கிளெய்ம் இழுபறியாகும், நிராகரிக்கவும்படும். இங்கேதான் உங்கள் டெலிவரி நோட் வம்பாகிறது. அதில் "சாவி – 2" என்று முன்கூட்டியே அச்சடித்திருக்கிறது. ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு அந்தத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். இரண்டு சாவி வாங்கிக்கொண்டதாக நாமே எழுதிக் கொடுத்தபடி ஆகிறது. இதைப் படிக்கும் மற்ற உரிமையாளர்கள், அந்த 2-ஐ அடித்துவிட்டு "ஸ்மார்ட் சாவி 1, அட்டை 1" என்று எழுதி, ஷோரூம்காரரையும் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே படத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

சாவிக்கொத்தோடு தொழிற்சாலையிலிருந்து ஒரு சிறிய பட்டையும் வருகிறது. அதில் சாவி எண் பொறித்திருக்கும். உலோகச் சாவி தொலைந்தால் புதிதாக வெட்டுவதற்கு அந்த எண் வேண்டும். பல டெலிவரிகளில் இந்தப் பட்டை கைக்கே வருவதில்லை. வந்தாலும் சாவியோடு சேர்த்துக் கட்டியே தருகிறார்கள். சாவியும் எண்ணும் ஒரே வளையத்தில் தொங்கினால், சாவியைக் கண்டெடுத்தவர் இன்னொன்று வெட்டிக்கொள்ளத் தேவையான எல்லாம் அவர் கையில் இருக்கிறது என்று பொருள். பட்டை வீட்டு அலமாரியில் இருக்க வேண்டிய பொருள்.

ஸ்மார்ட் சாவிக்கே வருவோம். உள்ளே இருப்பது சிஆர்2032 என்னும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி: 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன். அது தளரத் தொடங்கினால் முதலில் தூரம் குறையும். பத்தடி தள்ளி நின்று பூட்டியவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து பூட்ட வேண்டியிருக்கும். பிறகு டேஷ்போர்டில் "கீ நாட் டிடெக்டட்" என்று அவ்வப்போது வரும். கடையில் சிஆர்2025 கொடுத்தாலும் அளவு ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் தடிமன் 2.5 மி.மீ.தான். உள்ளே ஆட்டம் கொடுக்கும், சாவி கீழே விழுந்தால் தொடர்பு விட்டுப்போகும். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்று கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகளும் கிடைக்கின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் சில சாவிகளில் அந்தப் பூச்சே தொடர்பை மறைக்கிறது. புது பேட்டரி போட்டும் சாவி வேலை செய்யவில்லை என்றால் உலர்ந்த துணியால் அதன் விளிம்பைத் துடைத்துப் பார்க்க வேண்டும். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை இது. இதற்கு ஜாப் கார்டு போட்டு, "கீ டயக்னோசிஸ்" என்று தனிக் கட்டணம் வாங்குவது என்ன நியாயம்?

பட்டன் பேட்டரி முழுக்கத் தீர்ந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். சாவிக்குள் பேட்டரியே தேவைப்படாத இன்னொரு சிப் இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அந்தச் சிப்புக்கு வேண்டிய சக்தியைக் கொடுத்துவிடும். உலோகச் சாவியால் கதவைத் திறந்ததும் அலாரம் அலறும். பயப்பட வேண்டாம். பிரேக்கை மிதித்துக்கொண்டு, விரலுக்குப் பதிலாக ஸ்மார்ட் சாவியின் முனையாலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் அலாரம் நின்று என்ஜின் உறுமும். கையேட்டில் இது அரைப் பக்கம். உங்கள் உதவி எண்ணை அழைத்தாலோ, முதல் பதிலே "டோ வண்டி அனுப்புறோம் சார்" என்பதுதான். அழைப்பை எடுப்பவர்களுக்கு இந்த அரைப் பக்கத்தை நீங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி பாதுகாப்பு. கைப்பிடியைத் தொட்டதும் வண்டி 125 கிலோஹெர்ட்ஸில் சாவியைக் கூப்பிடும். அந்தக் குரல் ஒன்றரை மீட்டரைத் தாண்டாது. சாவி 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். திருடர்கள் இரண்டு பேர் சேர்ந்து, வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கருவியும் வீட்டு வாசலில் ஒரு கருவியுமாக வைத்து, அந்தக் கூப்பிடும் குரலைச் சுவருக்கு உள்ளே இருக்கும் சாவி வரை கடத்திவிடுகிறார்கள். சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று வண்டி ஏமாந்து திறக்கிறது. நம் ஊர் வீடுகளில் வண்டி போர்ட்டிகோவில், சாவி வாசல் கதவை ஒட்டிய ஆணியில். இடையில் ஒன்பது அங்குலச் சுவர் மட்டும். இந்தத் திருட்டுக்கு இதைவிட வசதியான வீடு கட்ட முடியாது. சாவி அவ்வளவு அருகில் இருந்தால் அதுவும் வண்டியும் அடிக்கடி ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருக்கும், இரண்டின் பேட்டரியும் வீணாகும் என்பது வேறு விஷயம்.

சிக்னல் தடுக்கும் பை என்று இணையத்தில் விற்பதை எல்லாம் நம்பிவிட முடியாது. சாவியைப் பைக்குள் போட்டு மூடிக்கொண்டு போய்க் கதவுக் கைப்பிடியைத் தொட வேண்டும். திறந்தால் பை போலி. எவர்சில்வர் சம்படத்தையும் இப்படியே சோதித்துப் பார்க்கலாம், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் இது உரிமையாளர் தலையில் விடிய வேண்டிய வேலையே அல்ல. சில நிமிடம் அசைவில்லாமல் கிடந்தால் சாவி தானாகத் தூங்கிவிடும்படி ஒரு அசைவு உணரியை உள்ளே வைக்கும் வழக்கம் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஆணியில் தொங்கும் சாவி தூங்கினால் கடத்துவதற்கு எதுவும் இருக்காது. அதற்கும் மேலே அல்ட்ரா வைட்பேண்ட் சாவி உண்டு. ரேடியோ அலை ஒரு நானோவினாடியில் 30 செ.மீ. தூரம்தான் போகும். அந்த நேரத்தை அளந்தால் சாவி உண்மையிலேயே பக்கத்தில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். எங்கள் சாவியில் இவற்றில் எது இருக்கிறது? இரண்டு டீலர்களிடம் எழுத்தில் கேட்டும் பதில் இல்லை. சர்வீஸ் அட்வைசர்களிடம் கேட்டால் "சார், இது அட்வான்ஸ்டு கீ" என்கிறார்கள்.

எங்களை அதிகம் உறுத்துவது வேறொன்று. வண்டியின் கணினியில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று ஒரு கணக்கு உண்டு. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினால் ஒரு நிமிடத்தில் திரையில் தெரியும். உரிமையாளருக்கு அது காட்டப்படுவதே இல்லை. சாவி தொலைந்து, பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்துப் புதுச் சாவி வாங்கினால், செய்ய வேண்டிய முறை இது: கையில் இருக்கும் சாவி, அட்டை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, பழைய பதிவுகள் அத்தனையையும் அழித்துவிட்டு, இருப்பவற்றை மட்டும் ஒவ்வொன்றாக மறுபடி பதிய வேண்டும். அப்போதுதான் தொலைந்த சாவி செத்துப்போகும். நடப்பது என்ன? புதுச் சாவியை மட்டும் சேர்த்துவிட்டு, பில்லில் "கீ ப்ரோகிராமிங்" என்று ஒரு வரி. தொலைந்த சாவி எங்கோ ஒருவர் கையில் உயிரோடு இருக்கிறது. அதைக் கண்டெடுத்தவருக்குத் தேவையானது வண்டி எண் மட்டும்.

அந்த எண்ணையும் நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். ஒர்க்‌ஷாப் வரவேற்பறையில் ஆணி அடித்த பலகை ஒன்று இருக்கிறது. சர்வீஸுக்கு வந்த வண்டிகளின் சாவிகள் எல்லாம் அதில் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் அட்டை, அதில் மார்க்கரில் வண்டி எண், சில இடங்களில் உரிமையாளரின் போன் எண்ணும். காபி இயந்திரத்துக்குப் போகிற எவரும் கை நீட்டி எடுக்கலாம். சாவிப் பலகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்க எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை ஓபிடி சாக்கெட்டும் (ஒர்க்‌ஷாப் ஸ்கேனரை வண்டியின் கணினியோடு இணைக்கும் இடம்) திறந்தே கிடக்கிறது. கண்ணாடியை உடைத்து உள்ளே கை விட்டு, அதில் சாவி பதியும் கருவியைச் செருகி, வெற்றுச் சாவியைப் பதிந்துகொண்டு போவதுதான் வடமாநிலங்களில் பிடிபட்ட பல எஸ்யூவி திருட்டுக் கும்பல்களின் வழி. புதுச் சாவியைப் பதிய உரிமையாளரின் ரகசிய எண்ணோ, ஏற்கெனவே பதிந்த சாவி உள்ளே இருப்பதோ கட்டாயம் என்று மென்பொருளிலேயே வைத்துவிட்டால் இந்த வழி அடைபடும். நாங்களாக அந்தச் சாக்கெட்டுக்கு இரும்புப் பூட்டு மாட்டினால், ஒரு ஒயரைக்கூடத் தொடாதபோதும், "வாரண்டி போயிடும் சார்" என்று பயமுறுத்துகிறார்கள்.

ஓபிடியோடு முடியவில்லை. 2022-இல் லண்டனில், வாகன இணையப் பாதுகாப்பையே தொழிலாகச் செய்யும் ஒருவரின் டொயோட்டா ராவ்4 திருடு போனது. பம்பரையும் சக்கர வளைவு உறையையும் பிரித்து, முகப்பு விளக்கின் ஒயர் வழியாக வண்டியின் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறும் கேன் இணைப்புக்குள் பொய்ச் செய்தி அனுப்பி, சாவியே இல்லாமல் திறந்திருந்தார்கள். அந்தக் கருவி ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரின் கூட்டுக்குள் மறைந்திருந்தது. அதை ஆராய்ந்து எழுதிய விவரங்கள் 2023 ஏப்ரலில் எல்லோரும் படிக்கும்படி வெளியாயின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் புது வண்டிகள் ஐ.நா. விதி 155-இன் கீழ் இணையப் பாதுகாப்பு நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும். இங்கே விற்கும் வண்டிக்கு அதே ஏற்பாடு இருக்கிறதா, ஏற்றுமதி வண்டிக்கு மட்டும்தானா? ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் போதும். அதுவரை, இருபது லட்ச ரூபாய் வண்டிக்கு ஸ்டீயரிங் பூட்டு என்னும் இரும்புத் தடியைத்தான் பரிந்துரைக்க வேண்டியிருக்கிறது. அதை எந்த ரேடியோ அலையாலும் திறக்க முடியாது.

அடியில் தொங்கும் ஸ்டெப்னியைப் பற்றி ஒரு வரி. அதை இறக்கும் துளை பம்பருக்கு மேலே வெளிப்பக்கமாகவே இருக்கிறது, பூட்டு கிடையாது. ஒரு லாக் நட் கொடுங்கள்.

பராமரிப்புக் குறைகளில் முதலாவது பேட்டரி. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் ஆன பிறகு, எல்லாக் கருவிகளும் தூங்கிய நிலையில், பேட்டரியிலிருந்து கசியும் மின்சாரம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பொது அளவு. அந்த 50-க்கே கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, முப்பது நாளுக்கு 36. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் போய்விடும். கசிவு 200 மில்லி ஆம்பியர் என்றால் ஒரே வாரத்தில் அந்த நிலை. ஊருக்குப் போய்த் திரும்பினால் வண்டி பிணம்போல் கிடக்கிறது என்று புகார் கொடுத்தால், "ஓட்டாம வெச்சா அப்படித்தான் சார்" என்று சொல்லி பேட்டரியை சார்ஜ் செய்து அனுப்பிவிடுகிறார்கள். கசிவை அளந்து பார்த்தீர்களா, எந்த ஃபியூஸைப் பிடுங்கினால் குறைகிறது என்று பார்த்தீர்களா என்றால், அதற்கு ஜாப் கார்டில் வரியே இல்லை. இணைப்பு சேவைக்காக உள்ளே இருக்கும் இ-சிம் பெட்டி தூங்காமல் விழித்துக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வண்டி புதிது, பேட்டரி புதிதல்ல என்பதும் உண்டு. ஸ்டாக்யார்டில் மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியின் பேட்டரி டெலிவரி நாளிலேயே பாதி உயிரோடுதான் இருக்கும். ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் கிட்டத்தட்டப் பாதி. இந்த வண்டியில் சிக்னலில் என்ஜின் அணைந்து எழும் வசதி இருப்பதால் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரிதான் தாங்கும். அவசரத்துக்குச் சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் போய்விடும். மாற்றியபின் எதிர்மின் முனையில் இருக்கும் பேட்டரி உணரிக்குப் புது பேட்டரியை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். ஜம்பர் கேபிள் போடும்போதும் கறுப்பு முனையை அந்த உணரியின் மேல் கடிக்க விடாமல், என்ஜினின் உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். ஹேண்ட்பிரேக் மின்சாரத்தில் இயங்குவதால், பேட்டரி தீர்ந்தால் நாலு பேர் சேர்ந்தாலும் வண்டியைத் தள்ள முடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் சென்னைத் தெருக்களில் தண்ணீர் ஏறியதைப் பார்த்த ஊர் இது. அப்படி ஒரு நாளில் தள்ளக்கூட முடியாத வண்டி என்பது சின்ன விஷயமல்ல.

மழை என்றதும் சன்ரூஃப். கண்ணாடியைச் சுற்றியுள்ள தட்டில் நான்கு மூலைகளிலும் வடிகுழாய் இருக்கிறது. முன் இரண்டும் கண்ணாடித் தூண்களுக்குள் இறங்கி முன்சக்கரப் பக்கம் தண்ணீரை வெளியே விடும். வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டியில் பூவும் சருகும் மண்ணும் சேர்ந்து குழாய் வாய் அடைபட்டுவிடும். பிறகு தண்ணீர் தூண் வழியாகவே உள்ளே இறங்கி ஃபிளோர் மேட்டுக்கு அடியில் தேங்கும். அங்கேதான் ஒயர்களின் கனெக்டர்களும் இருக்கின்றன. முதல் அறிகுறி ஈர வாடை, அடுத்தது ஏசி போட்டதும் கண்ணாடி மூடுபனிபோல் மங்குவது. சோதிப்பது எளிது: சன்ரூஃபைத் திறந்து, முன்மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். சில வினாடிகளில் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு அருகே சொட்டத் தொடங்கினால் சரி. இல்லாவிட்டால் மெல்லிய நைலான் கம்பியை விட்டு நீக்க வேண்டும். உங்கள் ஒர்க்‌ஷாப்களில் காற்றுக் குழாயை வைத்து அழுத்தமாக அடிக்கிறார்கள். அடைப்பு போவதற்குப் பதிலாகக் குழாய் இணைப்பே உள்ளே கழன்றுவிடுகிறது. அப்புறம் கூரைத் துணியை இறக்காமல் சரிசெய்ய முடியாது. இத்தனை இருந்தும் உங்கள் பராமரிப்பு அட்டவணையில் சன்ரூஃப் வடிகுழாய் என்றொரு வரி கிடையாது.

அட்டவணையில் இல்லாதவை பில்லில் மட்டும் தவறாமல் வருகின்றன. 1,000 கி.மீ. முதல் சர்வீஸுக்குக் கையேடு சொல்வது பார்வையிடல் மட்டும். பில்லில் இன்ஜெக்டர் கிளீனர், ஏசி கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய என்ஜினில் இன்ஜெக்டரில் படிவதற்கு என்ன இருக்கிறது? ஆயில் விஷயம் இன்னும் கெட்டது. கையேட்டில் ஃபில்டரோடு சேர்த்து எவ்வளவு என்று லிட்டரில் துல்லியமாகப் போட்டிருக்கிறது. பில்லில் அதைவிடக் கூடுதல். கூடுதலுக்குக் காசு வாங்கி ஊற்றாமல் விட்டிருந்தால் பணம் மட்டும்தான் நஷ்டம். உண்மையிலேயே ஊற்றிவிட்டால் என்ஜினுக்கும் கேடு: சுழலும் கிராங்க் தண்டு அடித்து ஆயில் நுரைக்கும், ஆவியோடு ஆயில் இன்டேக்குக்குள் போகும். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தால், மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். சர்வீஸ் முடிந்து வண்டியைத் திரும்ப எடுக்கும் முன் அட்வைசர் முன்னிலையிலேயே பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லி வருகிறோம்.

டீசல் வண்டியை யாருக்கு விற்கிறோம் என்றும் உங்கள் விற்பனையாளர்கள் யோசிக்க வேண்டும். தினமும் நான்கு கிலோமீட்டர் அலுவலகம் போய் வருகிறவருக்கு டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி) உள்ள டீசல் எஸ்யூவியைத் தள்ளிவிடுவது பாவம். கரியை எரித்துத் தீர்க்க அந்த வண்டி அவ்வப்போது 60 கி.மீ. வேகத்துக்கு மேல் பதினைந்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போது நடுவில் அணைத்துவிட்டால் கூடுதலாகப் பீச்சிய டீசல் ஆயிலோடு கலந்து, ஆயில் மட்டம் ஏறும். ஐடில் வேகம் கூடுதலாக இருப்பதும், வண்டியை நிறுத்தியபின் ஃபேன் ஓங்கி ஓடுவதும், லேசான காந்தல் வாடையும் எரிப்பு நடப்பதற்கு அடையாளம். இதைச் சொல்லாமல் விற்றுவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் "உங்க டிரைவிங் சரியில்ல" என்பது ஒர்க்‌ஷாப்பின் வழக்கமான பதில்.

வாரண்டியைக் காட்டி மிரட்டுவது பற்றி ஒன்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது, உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிக் கடைகளுக்குக் கிடைக்காமல் செய்வது தவறு என்றுதான் சொன்னது. மேல்முறையீடுகள் ஒருபுறம் இருக்கட்டும். 2022 டிசம்பரில் ஒன்றிய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தளம் தொடங்கியபோது அதில் வாகனத் துறையும் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய வண்டியில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பதற்கு இவ்வளவு பெரிய ஆயுதங்களை எடுக்க வைக்காதீர்கள்.

நாங்கள் கேட்பவை இவை. இரண்டு சாவி என்று பட்டியலிட்டு விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டாவது ஸ்மார்ட் சாவியை இலவசமாகத் தரவேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அதுவரை கதவைத் திறக்க ஓர் உலோகச் சாவியாவது கொடுங்கள். அட்டையை அதனோடு கூடுதலாகத் தந்தால் மகிழ்ச்சி. சாவி எண் பட்டையைத் தனி உறையில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.

டெலிவரி நாளிலும் ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவாகியிருக்கும் சாவிகளின் எண்ணிக்கை ஜாப் கார்டில் அச்சாக வேண்டும், வண்டி உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. சாவி தொலைந்தால் பழைய பதிவுகளை அழித்தோம் என்று பில்லில் தனி வரி வேண்டும். சாவியில் அசைவு உணரி உண்டா, ஓபிடி வழியாகப் புதுச் சாவி பதிய என்ன தடை இருக்கிறது, கேன் இணைப்புக்கு என்ன பாதுகாப்பு என்ற மூன்று கேள்விகளுக்கும் உங்கள் பொறியியல் பிரிவின் பதில் வேண்டும். விற்பனைப் பிரிவின் பதில் வேண்டாம்.

டெலிவரிக்கு முன் பேட்டரி சோதனைச் சீட்டு, பேட்டரி இறங்கியதாகப் புகார் வந்தால் கசிவு அளவின் பதிவு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் சன்ரூஃப் வடிகுழாய்ச் சோதனை ஆகிய மூன்றையும் அட்டவணையில் சேருங்கள். கையேட்டில் இல்லாத எந்த வேலைக்கும் முன்கூட்டி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஆயில் அளவை வரவேற்பறையில் எழுதித் தொங்கவிடுங்கள், சாவிப் பலகை தொங்கும் இடத்தில். அந்தப் பலகையை உள்ளே கொண்டுபோய்ப் பூட்டுங்கள். கையேட்டைத் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள்.

இந்த மடலுக்கு முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், ஒவ்வொருவரும் தம் டெலிவரி நோட்டின் நகலோடு புகார் செய்வோம். அந்த நோட்டில் "சாவி – 2" என்று அச்சடித்திருப்பதை மட்டும் நாளைக்கே திருத்திவிடுங்கள். அதற்குத் தலைமை அலுவலகத்தின் அனுமதிகூடத் தேவைப்படாது.

இப்படிக்கு,
ஒரு சாவியோடு வண்டி எடுத்தவர்கள்,
சென்னை